வெடியுப்பு, சக்கிமுக்கி, ஈயக்குண்டு: புதுச்சேரியில் துப்பாக்கி மருந்தின் தெரிவும் வரத்தும் (1746–1911)

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியின் போர் வரலாறு பெரும்பாலும் கோட்டை, தளபதி, முற்றுகை என்னும் மூன்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. துப்பாக்கிக்குள் இடப்பட்ட பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவற்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் ஓரத்தில் நின்றுவிட்டன. வெடிமருந்து, பற்றுத்தீ, குண்டு ஆகிய மூன்றின் தெரிவும் இந்நகரில் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் வரத்துக்கே கட்டுப்பட்டிருந்தது என்பதையும், வெள்ளையர் இருவரின் பகை முடிந்த பின்னரும் அக்கட்டுப்பாடு வடிவம் மாறித் தொடர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, வெடியுப்பு, சந்திரநாகூர், தோட்டா, ஆயுதச் சட்டம், கர்நாடகப் போர்கள்

முன்னுரை

துப்பாக்கியை நிரப்புகிறவர் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். குண்டைத் தள்ளும் மருந்து எது, அம்மருந்தைப் பற்றவைப்பது எது, தள்ளப்படும் குண்டு எத்தகையது என்பன அவை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் துப்பாக்கி சுடாது. அல்லது சுடுபவரையே காயப்படுத்தும். இன்று உலகின் சில நாடுகளில் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும் தத்தம் வீட்டு மேசையில் இம்முடிவுகளை எடுக்கின்றனர். 18-ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் துப்பாக்கி ஏந்திய எவரும் ஏதோ ஒரு வகையில் இவற்றை எடுத்தாக வேண்டியிருந்தது.

புதுச்சேரிக்கு இவ்வினா தனி அழுத்தம் பெறுகிறது. கடலோர நகரம், ஆண்டுக்கு மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழை, சுற்றிலும் பகைவர் நிலம், தாய்நாடோ ஆறு மாதக் கப்பற் பயணத் தொலைவில். இந்நிலையில் நல்ல மருந்து எது என்று அறிந்திருப்பது ஒன்று. அது கைக்கு எட்டுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தொலைவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

மருந்து என்னும் சொல்

தமிழில் நோய் தீர்ப்பதும் மருந்து. துப்பாக்கியில் இடுவதும் மருந்து. இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் ‘தாரு’ என்னும் சொல் இவ்விரு பொருளையும் தாங்கியது. பொடித்து, அளந்து, கலந்து, உலர்த்திக் காக்க வேண்டிய பொருள் என்னும் பொதுமையே இரண்டையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்திருக்கலாம். அதைச் சார்ந்த பிற சொற்களோ வந்தவை. துப்பாக்கி துருக்கியச் சொல்லிலிருந்து பிறந்தது எனவும், பீரங்கி ‘பரங்கி’ என்னும் இனப்பெயரோடு தொடர்புடையது எனவும் கருதப்படுகின்றன. தோட்டா வடபுலத்திலிருந்து வந்தது. குண்டும் ஈயமும் திரியும் தமிழாகவே நின்றன. கருவி வெளியிலிருந்து வந்தது. அதற்குள் இடும் பொருள்களுக்கு மக்கள் தமக்குப் பழகிய பெயர்களையே வைத்துக்கொண்டனர்.

1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் இத்தகைய கலப்பு மொழிக்குச் சிறந்த சான்று. அவர் போர்வீரர் அல்லர், வணிகர், துபாசி. ஆதலால் அவருடைய கண் சரக்கின் மீதே நிற்கிறது: எந்தக் கப்பல் வந்தது, எதை இறக்கியது, எது வரவில்லை என்பதே அவர் முதலில் கேட்பது. போர் வரலாற்றை வரத்தின் வரலாறாக வாசிக்க விரும்பும் ஆய்வாளருக்குத் தளபதிகளின் நினைவுக்குறிப்புகளை விட இந்த வணிகரின் பார்வை உதவியானது.

வெடியுப்பு: கங்கைக்கரையிலிருந்து வங்கக் கடலோரம் வரை

கருமருந்தில் கரி, கந்தகம், வெடியுப்பு என மூன்று சேர்மானங்கள் உள்ளன. கரி எங்கும் கிடைக்கும். கந்தகம் சிறிதளவே வேண்டும். எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. ஆகவே மருந்தின் தரமும் விலையும் வெடியுப்பையே சார்ந்திருந்தன. பொட்டிலுப்பு என்றும் அழைக்கப்பட்ட இப்பொருள் கால்நடைக் கழிவும் மக்கள் குடியிருப்பும் நிறைந்த பழைய மண்ணில் தானே பூக்கும். மழை நின்ற பின் வெயிலில் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். அதைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தனர். பீகாரில் அவர்கள் நூனியர் எனப்பட்டனர். தமிழகத்தில் உவர்மண்ணிலிருந்து உப்பெடுக்கும் உப்பிலியர், உப்பரர் ஆகியோர் இத்தொழிலோடு தொடர்புடையவர்கள். கொங்கு நாட்டிலும் வெடியுப்பு எடுக்கப்பட்டது.

அப்படியாயின் புதுச்சேரி தன் பின்னிலத்திலிருந்தே வெடியுப்பைப் பெற்றிருக்கலாமே என்னும் வினா எழும். விடை அளவிலும் தூய்மையிலும் உள்ளது. மண்ணிலிருந்து முதலில் எடுக்கப்படும் வெடியுப்போடு சாதாரண உப்பும் பிற உப்புகளும் கலந்திருக்கும். அவை காற்றின் ஈரத்தை இழுக்கும். உள்நாட்டில் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய இக்குறை, கடற்காற்று வீசும் கிடங்கில் பெருங்கேடாக முடியும்: மருந்து கட்டிதட்டும், மெதுவாக எரியும், சில வேளை எரியவே எரியாது. மீண்டும் மீண்டும் கரைத்துப் படிகமாக்கித் தூய்மைப்படுத்திய வெடியுப்பே கடலோரக் கோட்டைக்குத் தகும். அத்தகைய சரக்கைப் பேரளவில் தரக்கூடிய சந்தை பாட்னாவில் இருந்தது.

பாட்னாவிலிருந்து படகில் கங்கைவழி இறங்கி ஹூக்ளிக் கரையின் சந்திரநாகூரை அடைந்த வெடியுப்பு, அங்கிருந்து பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்களில் ஏறியது. கனமான சரக்கு ஆதலால் கப்பலின் அடித்தட்டில் நிலைப்பாரமாகவும் அது பயன்பட்டது. 1731 முதல் பத்தாண்டுகள் சந்திரநாகூரின் தலைவராக இருந்து, 1742-இல் புதுச்சேரி ஆளுநரான தூப்ளேக்கு இவ்வணிகத்தின் முழு நெளிவுசுளிவும் தெரியும். பிரான்சின் நிலையும் இதையே வேண்டியது. அந்நாட்டில் வெடியுப்புப் பற்றாக்குறை நீண்டகாலச் சிக்கல். 1775-இல் மருந்து மேலாண்மையைச் சீர்திருத்த வேதியியலார் லவாசியேவை நியமிக்கும் அளவுக்கு அது முற்றியது. வங்கத்து வெடியுப்பு ஐரோப்பா சென்று மருந்தாகிப் பீப்பாயில் திரும்பினாலும், இந்தியாவிலேயே அரைக்கப்பட்டாலும், புதுச்சேரிக் கோட்டையின் மருந்துக்கிட்டங்கி கங்கைச் சமவெளியின் மண்ணோடு கட்டுண்டிருந்தது.

அக்கட்டு 1757 மார்ச் 23 அன்று அறுந்தது. கிளைவும் வாட்சனும் சந்திரநாகூரைக் கைப்பற்றினர். மூன்று மாதம் கழித்து பிளாசியில் நவாபின் தரப்பு மருந்து திடீர் மழையில் நனைந்துபோக, ஆங்கிலேயர் தம் மருந்தைத் தார்பூசிய துணியால் மூடிக் காத்துக்கொண்டனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாதது, அடுத்த ஆண்டு நடந்தது: 1758-இல் பீகார் வெடியுப்பின் தனியுரிமையை மீர் ஜாபரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி பெற்றது. அன்று முதல் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் வெடியுப்பு வேண்டின், தம் போட்டியாளரின் இசைவை நாட வேண்டியதாயிற்று.

இதன் விளைவை மிகைப்படுத்தலாகாது. 1761 ஜனவரி 16 அன்று லாலி புதுச்சேரியை ஒப்படைத்தது பசியால். மருந்து தீர்ந்ததால் அன்று. ஆனால் மூன்றாம் கர்நாடகப் போரில் பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு வாயில்களும் அடைபட்டிருந்தன என்பதை மறுக்க இயலாது. வங்க வாயில் 1757-இல் மூடப்பட்டது. 1759 செப்டம்பரில் நடந்த கடற்போருக்குப் பின் தஷேயின் கப்பற்படை சோழமண்டலக் கரையை விட்டு அகன்றபோது கடல் வாயிலும் மூடப்பட்டது. ஒரு பீப்பாய் மருந்தைச் செலவழிக்கும் ஒவ்வொரு தடவையும் அது திரும்ப நிரம்பாது என்று அறிந்தே பிரெஞ்சுத் தளபதிகள் போரிட்டனர். 1778-இல் பெல்கோம்ப் பத்து வார முற்றுகைக்குப் பின் கோட்டையை மன்றோவிடம் ஒப்படைத்தபோது, தகர்ந்த மதில்களோடு குறைந்துவந்த மருந்தும் அவருடைய முடிவில் பங்குபெற்றது.

கம்பெனி ஆட்சி உறுதிப்பட்ட பின்னும் இக்கவலை ஒப்பந்தங்களில் தடம் பதித்துள்ளது. 1815 மார்ச் 7-இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை பிரெஞ்சுக் குடியேற்றங்களின் உப்பு, அபினி ஆகியவற்றைப் பற்றியது என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அதில் வெடியுப்புக்கும் ஓர் இடம் உண்டு. வெடியுப்பு ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டாலும் பிரெஞ்சுக் குடிமக்கள் 18,000 மணங்கு வரை ஏற்றுமதி செய்யலாம் என்று அது இசைந்தது. ஒரு மணங்கு 37 கிலோ எனக் கொண்டால் ஏறத்தாழ 670 டன். 60 ஆண்டுகளுக்கு முன் சந்திரநாகூர்ப் படித்துறையில் இயல்பாக இறங்கிய சரக்கு இப்போது எண்ணிக்கொடுக்கப்படும் சலுகையாகியிருந்தது.

நீரும் நெருப்பும்

கிட்டங்கியில் இருக்கும் மருந்து இரண்டு வகையில் கெடும்: நனைந்து கெடும், வெடித்துக் கெடும். புதுச்சேரியின் சுற்றுப்புறம் இரண்டையும் கண்டது.

1748 ஆகஸ்டில் போஸ்காவனின் படை புதுச்சேரியை நோக்கி வந்தபோது முதலில் எதிர்ப்பட்டது அரியாங்குப்பத்துச் சிறு கோட்டை. ஆங்கிலேயர் அதை எளிதாக எண்ணித் தாக்கி இழப்புற்றனர். ஸ்டிரிங்கர் லாரன்சே சிறைப்பட்டார். பிரெஞ்சுக்காரரின் கை ஓங்கியிருந்த அந்நேரத்தில் ஆற்றங்கரைப் பீரங்கி மேடையிலிருந்த அவர்களுடைய மருந்து தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ நூறு பேர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அதன் திகைப்பில் கோட்டையைத் தாமே தகர்த்துவிட்டு அவர்கள் நகருக்குள் பின்வாங்கினர். பகைவரால் எடுக்க முடியாத இடத்தைச் சொந்த மருந்து எடுத்துக்கொடுத்தது எனலாம். முற்றுகை மட்டும் வெல்லவில்லை. அக்டோபரில் மழையும் நோயும் சேர, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து போஸ்காவன் திரும்பினார்.

1760 ஜனவரி 22, வந்தவாசி. பிரெஞ்சு அணியின் ஒரு பக்கத்தைத் தாங்கியிருந்த ஏரிக்கரை அரணில் நின்ற மருந்து வண்டியின் மீது ஆங்கிலப் பீரங்கிக் குண்டு ஒன்று விழுந்தது. அரணின் தலைவர் உட்பட ஏறத்தாழ 80 பேர் ஒரே நொடியில் இறந்தனர் அல்லது செயலிழந்தனர். அவ்விடைவெளி வழியே ஆங்கிலப் படை உள்நுழைந்தது. கூட்டின் திறமை, லாலியின் முன்கோபம் என்றெல்லாம் பாடநூல்கள் சொல்லும் காரணங்களோடு, மருந்து வண்டியை எங்கே நிறுத்துவது என்னும் சிறு முடிவையும் சேர்த்தெண்ண வேண்டும்.

ஓராண்டு கழித்து இயற்கை மறுபக்கம் சாய்ந்தது. 1761 புத்தாண்டு இரவில் வீசிய புயல் புதுச்சேரிக்கு எதிரே நின்ற ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. சிலவற்றைக் கரையில் எறிந்தது. கரையிலிருந்த பாசறை சிதைந்தது, பீரங்கி மேடைகள் கரைந்தன, வீரர் துப்பாக்கிகளைக் கைவிட்டு ஒதுங்கிடம் தேடினர், பாசறை மருந்தில் பெரும்பகுதி நனைந்து பயனற்றதாயிற்று என்று ராபர்ட் ஓர்மின் வரலாறு காட்டுகிறது. அன்று கோட்டைக்குள்ளிருந்து ஒரு படை வெளிப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது ஊகிக்கத் தூண்டும் வினா. ஆனால் வெள்ளம் சூழ்ந்த நிலத்தில் கோட்டையிலிருந்தவர்களும் தம் மருந்தை நனையாமல் கொண்டுசென்றிருக்க முடியாது. 12 நாள் கழித்து ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். அதற்கு நான்கு நாளில் நகரம் வீழ்ந்தது.

குண்டின் அளவு

மருந்தைப் பகைவரிடமிருந்து பறித்துப் பயன்படுத்தலாம். மருந்துக்குக் கொடி கிடையாது. குண்டு அப்படியன்று. ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்; அதன் ஈயக்குண்டு ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர், பவுண்டு ஈயத்துக்கு 14 குண்டு என்னும் கணக்கில் வார்க்கப்பட்டது. பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழலே 17.5 மில்லிமீட்டர்தான். ஆகவே பிரெஞ்சுக் குண்டை ஆங்கிலத் துப்பாக்கியில் தளர்வாகவேனும் இட்டுச் சுடலாம். ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலுக்குள் இறங்காது. கைப்பற்றிய தோட்டாப்பெட்டி ஒரு தரப்புக்குக் கிட்டிய ஆதாயம், மறுதரப்புக்கு உருக்கி மீண்டும் வார்க்க வேண்டிய ஈயம்.

குழலை விடக் குண்டு சிறிதாக இருந்தது கவனக்குறைவால் அன்று. கருமருந்து எரியும்போது பெரும்பங்கு புகையாகவும் கசடாகவும் மாறும். சில சூடுகளுக்குப் பின் குழலின் உட்புறம் கரியேறி இறுகும். குண்டு இறுக்கமாக இருந்தால் பத்தாவது தடவை கம்பியால் இடித்தாலும் உள்ளே போகாது. தளர்ந்த குண்டு குறியைத் தவறவிடும். ஆனால் விரைந்து நிரப்பலாம். வரிசையாக நின்று ஒருசேரச் சுடும் படைக்கு விரைவே போதுமானது. ஒற்றை மானைக் குறிவைக்கும் வேட்டைக்காரருக்கு அது போதாது; அவர் துணியோ தோலோ சுற்றிய இறுக்கமான குண்டைத் தெரிந்தெடுத்தார். ஒரே மருந்து, ஒரே ஈயம், வேலைக்கேற்ப வேறு வேறு தெரிவு.

1746-இல் அடையாற்றங்கரையில் பரதி தலைமையில் வந்த சில நூறு பிரெஞ்சு வீரரும் புதுச்சேரிச் சிப்பாய்களும் மாபூஸ்கானின் பத்தாயிரம் என மதிப்பிடப்பட்ட படையை விரட்டியது இவ்விரைவின் முதற்பெரும் காட்சி. எதிரிலிருந்த திரித்துப்பாக்கிகளைவிட அவர்களுடைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள் விரைந்து சுட்டன. அவ்விரைவுக்கு அடிப்படை காகிதத் தோட்டா. அளந்த மருந்தும் ஒரு குண்டும் காகிதக் குழலில் முன்கூட்டியே சுருட்டப்பட்டிருக்கும். வீரர் அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். சிறிது மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணியில் இடுவார். மிச்சத்தைக் குழலில் கொட்டிக் குண்டோடு இடிப்பார். இங்கே ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. எவ்வளவு மருந்து, எத்தகைய குண்டு என்னும் தெரிவு சுடுபவரின் கையை விட்டுக் கிட்டங்கிக்காரரின் கைக்குச் சென்றது.

பற்றுத்தீ: கல்லிலிருந்து செப்புத் தொப்பிக்கு

சக்கிமுக்கிக் கல்லும் வரத்துச் சரக்கே. பிரான்சின் ஷேர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள மேன் முதலிய ஊர்கள் ஐரோப்பா முழுவதற்கும் துப்பாக்கிக் கற்களைச் செதுக்கி அனுப்பின. ஒரு கல் சில பத்துச் சூடுகளுக்கே தாங்கும். பின் மாற்ற வேண்டும். கல் தரும் பொறி காற்றிலும் மழையிலும் தவறும். திறந்த கிண்ணியில் கிடக்கும் மருந்து புதுச்சேரியின் கார்த்திகை மழையில் எவ்வளவு நேரம் உலர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைப் பற்றுத்தீயாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதிலிருந்து செப்புத் தொப்பி பிறந்தது. தமிழகத்து நாட்டுத்துப்பாக்கிக்காரரின் வாயில் அது ‘கேப்பு’ ஆயிற்று. மழைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் கல்லைத் தேடி எடுத்துவிடலாம், கரியை வீட்டில் சுடலாம், ஈயத்தை அடுப்பில் உருக்கலாம். கேப்பைத் தொழிற்சாலைதான் செய்ய முடியும். மூன்று தெரிவுகளில் ஒன்று முதன்முறையாக முழுவதும் தொழிற்சாலைக்குள் போயிற்று. குறவர் முதலிய வேட்டைச் சமூகத்தார் மருந்தையும் ரவையையும் பறவைக்குத் தகுந்தபடி தாமே அளந்து இட்ட காலத்திலும் கேப்புக்குக் கடைக்காரரையே நம்ப வேண்டியிருந்தது.

1857-இல் என்பீல்டு தோட்டாவின் கொழுப்பு பற்றிய கொந்தளிப்பு நன்கறியப்பட்டது. இங்கு விரிக்கத் தேவையில்லை. இக்கட்டுரையின் நோக்கில் ஒன்றே ஒன்று: பல்லால் கடிக்க வேண்டிய பொருளில் என்ன பூசியிருக்கிறது என்பதைக் கடிப்பவர் தீர்மானிக்க இயலவில்லை.

சட்டமும் விட்டமும்

1857-க்குப் பின் ஆங்கில அரசின் கவனம் சரக்கின் வரத்திலிருந்து குடிமக்களின் கைக்குத் திரும்பியது. லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் படைக்கலப் பொருள் என்னும் வகைக்குள் அறிவிக்க அது அரசுக்கு இடமளித்தது. வெள்ளையருக்கு விதிவிலக்குகள் இருந்தன, இந்தியரில் பெரும்பாலோருக்கு இல்லை. 1887-இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டிலேயே இச்சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது. நீலகிரியிலோ மைசூர்க் காட்டிலோ முகாமிட்ட ஆங்கிலேய வேட்டைக்காரர் பித்தளைத் தோட்டாக்களைத் தம் கூடாரத்தில் தாமே மறுநிரப்பு செய்துகொண்டது இவ்விதிவிலக்கின் நிழலில்தான். அவருக்கு வேட்டை நூல்கள் மருந்தின் எடை, குண்டின் கடினம் முதலியவற்றை விரிவாகக் கற்பித்தன. அதே கருவிகளை வைத்திருந்த உள்ளூர்க் கொல்லர் உரிமமில்லாத உற்பத்தியாளர் ஆனார்.

மறுநிரப்பு எளிதா அரிதா என்பதைத் தோட்டாவின் அடிப்பகுதி தீர்மானித்தது. 1860-களில் இரு வகைப் பற்றுத்தீ வந்தன. ஆங்கிலேயரான பாக்சரின் வகையில் நடுவில் ஒரே துளை; எரிந்த கேப்பை ஊசியால் குத்தி வெளியே தள்ளிவிடலாம். அமெரிக்கரான பெர்டானின் வகையில் ஓரத்தில் இரு சிறு துளைகள். அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. விந்தை என்னவெனில், பாக்சர் வகை அமெரிக்காவில் நிலைத்தது, பெர்டான் வகை ஐரோப்பியப் படைகளிடம் நிலைத்தது. ஒருமுறை சுட்ட வெற்றுத் தோட்டா எதிரியின் கையில் மீண்டும் உயிர்பெறுவதை விரும்பாத பேரரசுகளுக்குப் பின்னதே தோதாக அமைந்தது.

குண்டின் விட்டமும் ஆட்சிச் சிக்கலானது. 1907-இல் 0.450 அங்குலத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவருவதை ஆங்கில அரசு தடுத்தது. வேட்டைக்குப் புகழ்பெற்றிருந்த அந்த அளவு, கிளர்ச்சியாளர் கைக்குப் போயிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளின் அளவோடு ஒத்திருந்ததே காரணம். உடனே இலண்டன் துப்பாக்கிக்காரர் 0.465, 0.470, 0.475 எனப் புதிய அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். 1748-இல் குழலின் விட்டம் பகைவரின் குண்டைப் பயன்படுத்த விடாமல் தற்செயலாகத் தடுத்தது; 1907-இல் அதே வேலை திட்டமிட்டுச் செய்யப்பட்டது.

மருந்திலும் இதற்குள் புரட்சி நிகழ்ந்திருந்தது. 1884-இல் பிரெஞ்சு வேதியியலார் போல் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். ஆங்கிலேயர் கார்டைட்டைக் கொண்டுவந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் அதற்கென ஆலை எழுந்தது. இப்புதிய மருந்துகளுக்கு வெயில் எதிரி. வெப்பம் ஏறினால் குழலுக்குள் அழுத்தம் மிகும். ஆகவே இந்தியாவுக்கென்றே மருந்தளவைக் குறைத்த தோட்டாக்கள் தனியே விற்கப்பட்டன. பிரெஞ்சு மருந்து நாட்பட்டால் தானே சிதைந்து தீப்பற்றும் குறையும் உடையது. தூலோன் துறைமுகத்தில் 1907-இல் ‘இயேனா’, 1911-இல் ‘லிபர்தே’ என இரு போர்க்கப்பல்கள் வெடித்ததற்கு அம்மருந்தே காரணம் எனக் கொள்ளப்படுகிறது. வீட்டிலோ கூடாரத்திலோ நிரப்புகிறவரின் பழைய கைப்பழக்கம் இங்கே உதவாது. ஈரத்தைத் தொட்டுப் பார்த்தறியலாம், மருந்தின் உட்சிதைவை அறிய ஆய்வகம் வேண்டும்.

1911

1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி புதுச்சேரியில் கோட்டை எழுப்பவோ, காவலுக்கு வேண்டியதற்கு மேல் படை வைக்கவோ பிரெஞ்சு அரசுக்கு உரிமையில்லை. ஆயினும் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதன் எல்லையில் நின்றுவிட்டது. 1908-இல் பாரதியும், 1910-இல் அரவிந்தரும், அதே ஆண்டு அக்டோபரில் வ.வே.சு. ஐயரும் இங்கு வந்துசேர்ந்தபோது இந்த இடைவெளி அரசியல் பொருள் பெற்றது. ஐயரிடம் வாஞ்சிநாதன் கரடிக்குப்பத்தில் துப்பாக்கி சுடப் பயின்றார் என்று கூறப்படுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டு, அதே கருவியால் அவர் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

இந்நிகழ்வு அறநோக்கிலும் அரசியல் நோக்கிலும் பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளது. பொருளியல் நோக்கில் பார்த்தால், அக்கைத்துப்பாக்கியின் தோட்டாவில் சுடுபவர் தெரிந்தெடுக்க எதுவும் இல்லை. புகையற்ற மருந்தும் பற்றுத்தீயும் உறையிட்ட குண்டும் பித்தளைக்குள் தொழிற்சாலையிலேயே அடைபட்டு வந்தன. வெடியுப்புச் சந்தையைப் பூட்டியவர்களும் ஈயத்தை அட்டவணைப்படுத்தியவர்களும் எதிர்பார்த்த வகைப் பகைமை இதுவன்று. சட்டைப்பையில் அடங்கும் ஒரு பொருள், கப்பல் பயணியின் பெட்டியில் வந்து, எல்லை கடந்து, ரயிலேறியது.

ஆகையால் ஆங்கில உளவுத்துறை புதுச்சேரியில் காவலை இறுக்கியபோது அது கிட்டங்கியையோ சந்தையையோ நோக்கவில்லை. 1879 முதல் விழுப்புரத்தோடு நகரை இணைத்த ரயில் நிலையத்திலும், கடிதங்கள் கைமாறும் அஞ்சலகத்திலும், நாடுகடந்து வந்தோர் தங்கிய தெருக்களின் முனையிலும் அதன் ஆட்கள் நின்றனர்.